சி அடிப்படைக் கேள்விகள்: இன்டர்வியூவுக்கு எதை, எப்படிப் படிக்கிறது?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல ஈசிஇ கடைசி வருஷம். அடுத்த மாசம் கேம்பஸுக்கு ரெண்டு எம்பெடட் கம்பெனியும் ஒரு ப்ராடக்ட் கம்பெனியும் வருது. மூணுலயும் முதல் ரவுண்டு சி புரோகிராமிங் மொழிதான்னு சீனியர்ஸ் சொல்றாங்க. அவங்க கைமாத்திக் கொடுத்த கேள்வி-பதில் பிடிஎஃப் ஒண்ணு இருக்கு, அதை முழுசாப் படிச்சாச்சு. கேள்வி அப்படியே வந்தா பதில் வருது. கொஞ்சம் திருப்பிக் கேட்டா அங்கேயே நின்னுடுது.

பிடிஎஃப்ல முழு எண் வைக்கிற 'இன்ட்' டைப் 2 பைட்னு போட்டிருக்கு. எங்க லேப்ல டர்போ சி, அதுலயும் 2 தான் வருது. என் லேப்டாப்ல ஜிசிசி கம்பைலர் போட்டுப் பார்த்தா 4. இன்டர்வியூவுல எதைச் சொல்றது?

அப்புறம் ++ஐ + ++ஐ மாதிரி கேள்விகள் (++னா ஒண்ணு கூட்டுறது). ஐ = 5ன்னா பிடிஎஃப் 13ங்குது, ஜிசிசி 14ங்குது. எது சரி?

ஒரு மாசம்தான் இருக்கு. பாயின்டரா, ஸ்ட்ரிங்கா, லிங்க்டு லிஸ்டா, எதுல ஆரம்பிக்கட்டும்?

சர்க்யூட்காரன் எழுதியது:

தம்பி, நான் சென்னையில் வண்டிகளுக்கான கன்ட்ரோல் போர்டுக்கு ஃபர்ம்வேர் எழுதுறேன். ஃப்ரெஷர் இன்டர்வியூ பேனலில் உட்கார்றதும் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்றேன்.

முதலில் 'இன்ட்'. சி ஸ்டாண்டர்டு 2 பைட்னும் சொல்லலை, 4 பைட்னும் சொல்லலை. குறைஞ்சது 16 பிட் இருக்கணும்னு மட்டும்தான் சொல்லுது. டர்போ சி 16 பிட் டாஸ் காலத்துக் கம்பைலர், அதனால 2. உன் லேப்டாப்ல 4. பழைய காலத்தோட 2 போயிடுச்சுன்னும் நினைச்சுக்காதே, ஆர்டுயினோ ஊனோ ஆர்3 மாதிரி 8 பிட் போர்டுல இன்னைக்கும் 'இன்ட்' 2 பைட்தான். 'லாங்' இன்னும் சிக்கல்: 64 பிட் லினக்ஸ்ல 8, 64 பிட் விண்டோஸ்ல 4. அதனால "கம்பைலரையும் டார்கெட்டையும் பொறுத்தது, என் மெஷின்ல 4, எத்தனை பைட்னு சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்துக்குவேன், அளவு மாறாம இருக்கணும்னா சி99ல வந்த 'இன்ட்32_டி' மாதிரி டைப் எடுப்பேன்" என்று சொல்லு. இதுக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. கேட்டவர் தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார்.

நாங்க நூறு கேள்வி கேட்கிறதில்லை. ஒரே கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே இறங்குவோம். நான் அடிக்கடி கேட்கிறது இது: 'இன்ட் ஏ[10]' என்று ஒரு அரே. சைஸ்ஆஃப் ஏ எவ்வளவு? 4 பைட் இன்ட்னா 40. எல்லாரும் சொல்லிடுவாங்க. அதையே ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே சைஸ்ஆஃப் எடுத்தா? இங்கேயே பாதிப் பேர் 40ன்னு சொல்றாங்க. 64 பிட் மெஷின்ல வர்றது 8, ஏன்னா உள்ளே போனது அரே இல்லை, முதல் எலிமென்ட்டோட அட்ரஸ். சரி, அப்போ அந்த ஃபங்ஷனுக்கு எத்தனை எலிமென்ட் இருக்குன்னு எப்படித் தெரியும்? தெரியாது, நாமதான் நீளத்தைத் தனியா அனுப்பணும். அடுத்து, ஏ + 1, &ஏ + 1 ரெண்டும் எங்கே போய் நிற்கும்? முதலாவது 4 பைட் தள்ளி, ரெண்டாவது 40 பைட் தள்ளி.

பிடிஎஃப் மட்டும் படிச்சு வர்றவங்க "அரே நேம் ஒரு கான்ஸ்டன்ட் பாயின்டர்" என்ற வரியோட நின்னுடுறாங்க. அந்த வரியே தப்பு. அரே வேற, ஒரு அட்ரஸை வெச்சிருக்கிற பாயின்டர் வேற. பெரும்பாலான இடத்துல அரே பேர் முதல் எலிமென்ட்டோட பாயின்டரா மாறிக்குது. சைஸ்ஆஃப், & இந்த ரெண்டு இடத்துல மாறாது. இதை நீயே கட்டம் போட்டு, அட்ரஸ் எழுதி வரைஞ்சு பார்த்திருந்தா எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் வரும்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டே. மெமரியில ஆரம்பி. லோக்கல் வேரியபிள் எங்கே இருக்கு, ஸ்டாட்டிக் எங்கே, புரோகிராம் ஓடும்போது மாலாக் பண்ணி வாங்கின இடம் எங்கே, மேற்கோள் குறிக்குள்ள எழுதுற ஸ்ட்ரிங் லிட்டரல் எங்கே. இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சா பாயின்டரும் ஸ்ட்ரிங்கும் தானா வரிசையா வரும். லிங்க்டு லிஸ்ட் அதுக்கு அப்புறம்.

பூஜ்ஜியத்திலிருந்து எழுதியது:

++ஐ + ++ஐ பற்றி நான் சொல்கிறேன். கம்பைலர் டீமில் வேலை பார்க்கிறேன்.

13ம் சரியில்லை, 14ம் சரியில்லை. ஒரே வேரியபிளை ஒரே எக்ஸ்பிரஷனில் இரண்டு இடத்தில் மாற்றுகிறோம். எது முதலில் நடக்க வேண்டும் என்று சி மொழி வரையறுக்கவில்லை. அப்படி எழுதினால் அது அன்டிஃபைன்ட் பிஹேவியர். கம்பைலர் என்ன செய்தாலும் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஐ = 5 என்றால் ஜிசிசி 14 தருவதையும் கிளாங் கம்பைலர் 13 தருவதையும் ஒரே லேப்டாப்பிலேயே பார்க்கலாம். முதலாவது, இரண்டு தடவை கூட்டி முடித்த பிறகு 7 + 7 போடுகிறது. இரண்டாவது, இடமிருந்து வலமாக 6 + 7 போடுகிறது. ஜாவாவில் இடமிருந்து வலம் என்று விதியே இருப்பதால் அங்கே 13 மட்டும்தான். பிடிஎஃப் எழுதியவர் ஜாவா விதியைச் சி-க்குப் பொருத்தியிருக்கலாம்.

தம்பி, ஜிசிசியில் 'மைனஸ் டபிள்யூ ஆல்' ஆப்ஷன் கொடுத்து கம்பைல் செய்து பாருங்கள். ஐ மீதான செயல் வரையறுக்கப்படாததாக இருக்கலாம் என்று அதுவே எச்சரிக்கை கொடுக்கும். அந்த ஆப்ஷன் இல்லாமல் இனி ஒரு புரோகிராம்கூட கம்பைல் செய்யாதீர்கள். கேள்வி வங்கி சொல்லித் தராததை அந்த எச்சரிக்கைகள் சொல்லித் தரும்.

கரும்பலகை எழுதியது:

மேடம் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் மாணவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சி பாடம் நடத்துகிறேன். ஆன்லைன் முதல் ரவுண்டில் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள். 12, 13, 14, 15 என்று மட்டும் இருந்தால் பிள்ளை என்ன செய்வான்? "இது அன்டிஃபைன்ட்" என்று எழுத அங்கே இடம் இல்லை. மதிப்பெண் போனால் அடுத்த ரவுண்டே இல்லை.

பூஜ்ஜியத்திலிருந்து எழுதியது:

உண்மைதான் சார். "கம்பைலரைப் பொறுத்தது" அல்லது "அன்டிஃபைன்ட்" என்ற விடை இருந்தால் அதுதான். இல்லையென்றால் வினாத்தாளில் எந்தக் கம்பைலர் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதில் வருவதைக் குறித்துவிட்டு நகர வேண்டியதுதான். அங்கே நின்று நேரத்தை இழக்கக் கூடாது.

நேரில் கேட்டால் கதை வேறு. கேட்பவர் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரியும். அப்போது "சார், உங்கள் கேள்வி தப்பு" என்று ஆரம்பிக்க வேண்டாம். "இடமிருந்து வலமாகப் போட்டால் 13, இரண்டையும் முதலில் கூட்டிவிட்டால் 14. ஸ்டாண்டர்டு இதில் வரிசை சொல்லவில்லை, அதனால் நான் இதை இரண்டு வரியாகப் பிரித்துத்தான் எழுதுவேன்" என்று சொல்லுங்கள். எண்ணும் கிடைத்துவிட்டது, காரணமும் சொல்லியாகிவிட்டது. இப்படிச் சொன்ன ஒருவரை நான் வேண்டாம் என்று அனுப்ப மாட்டேன்.

கரும்பலகை எழுதியது:

நல்ல யோசனை, என் வகுப்பில் சொல்கிறேன்.

டர்போ சி பற்றி ஒரு வார்த்தை. லேப் தேர்வுக்கு அது வேண்டுமானால் அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஜிசிசி. 'வாய்டு மெயின்' என்று ஆரம்பித்து 'கோனியோ' ஹெடர் போட்டு, ஸ்கிரீன் அழிக்கும் ஃபங்ஷனை முதல் வரியில் எழுதினால், எதில் படித்தோம் என்று தாளே சொல்லிவிடும். அந்த ஹெடர் ஸ்டாண்டர்டு சி-யில் கிடையாது. 'இன்ட் மெயின்' என்றே எழுதிப் பழகுங்கள்.

'கெட்ஸ்' ஃபங்ஷனும் அப்படித்தான். வரியைப் படிக்க இன்னும் பலர் அதைத்தான் எழுதுகிறார்கள். நம் அரே எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது, வருவதையெல்லாம் உள்ளே கொட்டிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற, தானாகவே பரவும் புரோகிராம் இன்டர்நெட்டில் பரவியபோது அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, யூனிக்ஸ் 'ஃபிங்கர்' சர்வரில் இருந்த ஒரு 'கெட்ஸ்' தான். சி11 ஸ்டாண்டர்டில் அந்த ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், அளவையும் கேட்டு வாங்கும் 'எஃப்கெட்ஸ்' எழுதுங்கள். "ஏன் எஃப்கெட்ஸ் எழுதினாய்?" என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

மலைக்கோட்டை எழுதியது:

நான் திருச்சி, போன வருஷம் கேம்பஸ்ல பிளேஸ் ஆனவ. எனக்கு வந்ததைச் சொல்றேன் தம்பி.

ரிட்டன் டெஸ்ட்ல பெரும்பாலும் அவுட்புட் கேள்விதான். ஃப்ளோட் வேரியபிள்ல 0.1 வெச்சுட்டு, அது 0.1க்குச் சமமான்னு இஃப் போட்டிருந்தாங்க. சமமில்லை. வெறும் 0.1ன்னு எழுதினா அது டபுள். பைனரியில 0.1 முடிவில்லாமப் போற எண், ஃப்ளோட்ல ஒரு இடத்துல வெட்டுது, டபுள்ல இன்னும் தள்ளி வெட்டுது. அதே கேள்வியை 0.5க்குக் கேட்டா சமம்னு வரும், ஏன்னா 0.5 பைனரியில சுத்தமா நிக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கொடுத்திருந்தாங்க.

அப்புறம் -1, அன்சைன்டு (மைனஸ் இல்லாத டைப்) 1, எது பெருசு? -1 தான் பெருசு. கம்பேர் பண்றதுக்கு முன்னாடி அதுவும் அன்சைன்டா மாறி 4294967295 ஆயிடுது. 010ன்னு எழுதினா 8, முன்னாடி சைபர் இருந்தா ஆக்டல். ஸ்கொயர் மேக்ரோவுல எக்ஸ் * எக்ஸ்னு எழுதிட்டு 2 + 3 அனுப்பினா 25 வராது, 11 வரும். 2 + 3 * 2 + 3ன்னு விரிச்சு எழுதிப் பார்த்தா புரிஞ்சுடும்.

நேர்ல கேட்டதுல எனக்குப் பிடிச்சது ஸ்ட்ரிங் கேள்வி. பேப்பர்ல ரெண்டு வரி எழுதினார். ஒண்ணு, கேரக்டர் பாயின்டர் பி = "மதுரை". இன்னொண்ணு, கேரக்டர் அரே ஏ[ ] = "மதுரை". இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதினார். ஏ-வோட முதல் எழுத்தை மாத்தலாம், அது நம்ம அரேல இருக்கிற காப்பி. பி வழியா மாத்தினா? ஸ்ட்ரிங் லிட்டரலை மாத்துறது அன்டிஃபைன்ட், லினக்ஸ்ல பொதுவா செக்மென்டேஷன் ஃபால்ட் வாங்கிட்டு நிக்கும். இங்கிலீஷ்ல 7 எழுத்து, ஏ-வோட சைஸ்ஆஃப் 8, கடைசியில இருக்கிற நல் கேரக்டருக்கு (மதிப்பு 0) ஒரு பைட். நீளம் சொல்ற ஸ்டர்லென் 7. பி-யோட சைஸ்ஆஃப் 8, ஆனா அது பாயின்டரோட சைஸ். ரெண்டுலயும் 8 வர்ற மாதிரி வேணும்னே அந்த வார்த்தையை எடுத்திருக்கார்! "ரெண்டும் 8, அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேட்டார். "32 பிட் மெஷின்ல பி 4 ஆயிடும், ஏ 8ஆவே இருக்கும்"னு சொன்னேன். சிரிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார்.

வீட்டுக்கு வந்து அதையே தமிழ் எழுத்துல "மதுரை"ன்னு போட்டு ஓட்டிப் பாருங்க. ஸ்டர்லென் 15 வரும்.

பொருநைக்கரை எழுதியது:

அக்கா, ஓட்டிப் பார்த்தேன், 15 தான் வருது! மூணு எழுத்துக்கு 15 எப்படி?

பூஜ்ஜியத்திலிருந்து எழுதியது:

ஸ்டர்லென் எழுத்தை எண்ணுவதே இல்லை. நல் வரும் வரை பைட்டை எண்ணுகிறது. உங்கள் ஃபைல் யூடிஎஃப்-8இல் இருக்கிறது. யூனிகோடில் 'ம' ஒரு குறியீடு. 'து' என்பது த, உகரக் குறி என்று இரண்டு. 'ரை' என்பதும் ர, ஐகாரக் குறி என்று இரண்டு. மொத்தம் ஐந்து குறியீடுகள், தமிழில் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஆக 15.

கையோடு அடுத்ததையும் செய்யுங்கள். ஸ்ட்ரிங்கைத் தலைகீழாக்கும் புரோகிராம் எழுதியிருப்பீர்களே, அதில் இதைக் கொடுங்கள். பைட் பைட்டாகத் திருப்புவதால் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். பேனலில் தலைகீழாக்கச் சொன்னால் எழுதி முடித்துவிட்டு, "இது ஒரு பைட் எழுத்துகளுக்கு மட்டும் சரி, தமிழ் வந்தால் குறியீடுகளைப் பிரித்தெடுத்து, உயிர்மெய்யை உடைக்காமல் திருப்ப வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். அந்த வரி எந்தப் பிடிஎஃப்பிலும் இருக்காது.

செங்காட்டுமேடு எழுதியது:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். புரோகிராம் எழுதிடுவேன், ஆனா இங்கிலீஷ்ல விளக்கச் சொன்னா வாய் வர மாட்டேங்குது. பாயின்டர்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும், சொல்லத்தான் தெரியலை.

சர்க்யூட்காரன் எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதுக்குப்பா. நானும் அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல படிச்சவன்தான்.

பேப்பரும் பேனாவும் கேளு. எல்லாப் பேனலிலும் கொடுப்பாங்க. கட்டம் போடு, உள்ளே மதிப்பு எழுது, கீழே அட்ரஸ் எழுது, பாயின்டரிலிருந்து அம்புக்குறி போடு. அம்புக்குறி சரியா இருந்தா உன் இங்கிலீஷை யாரும் அளக்க மாட்டாங்க. வரைஞ்சுக்கிட்டே சின்னச் சின்ன வாக்கியமாச் சொல்லு. "இது அட்ரஸ் 1000. பி-க்குள்ள 1000 இருக்கு. ஸ்டார் பி-ன்னா 1000ல இருக்கிறதை எடு." இதுல முக்கியமான வார்த்தையெல்லாம் நீ தினம் சொல்ற இங்கிலீஷ் வார்த்தைதான். ராத்திரி ஒரு ஃப்ரெண்டை உட்கார வெச்சு, வாய்விட்டு இப்படி விளக்கிப் பழகு. மனசுக்குள்ள தெரியுறதும் வாய் வழியா வர்றதும் வேற வேற பழக்கம், ரெண்டாவதையும் தனியாப் பழகணும். தமிழ்நாட்டுப் பேனலா இருந்தா, ஒரு இடத்துல நின்னுட்டா தமிழ்ல சொல்லட்டுமான்னு கேட்கிறதுலயும் தப்பில்லை. நான் எப்பவும் சரின்னுதான் சொல்லியிருக்கேன்.

செங்காட்டுமேடு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

அண்ணா, எம்பெடட் கம்பெனின்னா தனியா என்ன கேட்பீங்க? 'வாலடைல்' கட்டாயம் வரும்னு சீனியர் சொன்னாங்க.

சர்க்யூட்காரன் எழுதியது:

கட்டாயம் வரும். "கம்பைலரை ஆப்டிமைஸ் பண்ண விடாது" என்ற ஒரு வரியோட நிறுத்தாதே. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லு.

ஃப்ளாக் என்று ஒரு குளோபல் வேரியபிள், ஆரம்பத்துல 0. பட்டனை அழுத்தினா, ஓடுற வேலையை நடுவுல நிறுத்திட்டு இன்டரப்ட் ஃபங்ஷன் வந்து அதை 1 ஆக்கும். மெயின்ல, ஃப்ளாக் 0ஆ இருக்கிற வரைக்கும் சும்மா சுத்துற 'வைல்' லூப். ஆப்டிமைசேஷன் இல்லாம கம்பைல் பண்ணினா ஓடும். ஆப்டிமைசேஷன் போட்டதும் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் லூப்பை விட்டு வெளியே வராது. ஏன்னா லூப்புக்குள்ள யாரும் ஃப்ளாக்கை மாத்தலைன்னு கம்பைலர் பார்க்குது, ஒரே தடவை ரெஜிஸ்டருக்குள்ள படிச்சுட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டு நிக்குது. 'வாலடைல்' போட்டா ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போய்ப் படிச்சே ஆகணும்.

அடுத்து அவங்க கேட்கப்போறது, "அப்ப வாலடைல் இருந்தாப் போதுமா?" போதாது. 8 பிட் கன்ட்ரோலர்ல 16 பிட் வேரியபிளைப் படிக்க ரெண்டு தடவை எடுக்கணும். பாதி படிச்ச நேரத்துல இன்டரப்ட் வந்து மாத்திட்டா பழைய பாதியும் புது பாதியும் சேர்ந்து ஒரு அர்த்தமில்லாத எண் கையில இருக்கும். படிக்கிற அந்தக் கணம் இன்டரப்ட்டை நிறுத்தி வைக்கணும். 'கான்ஸ்ட் வாலடைல்' ரெண்டும் சேர்ந்து வருமான்னும் கேட்பாங்க. வரும். ஹார்டுவேர் மட்டும் மாத்துற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை நாம படிக்கலாம், எழுதக் கூடாது.

பிட் வேலை பேனா எடுத்ததும் வரணும். பிட் 3ஐ (0லிருந்து எண்ணினா) ஆன் பண்ண: ரெக் |= (1U << 3). ஆஃப் பண்ண: ரெக் &= ~(1U << 3). மாத்திவிட ^=. அந்த 'யு' எதுக்குன்னா, 32 பிட் இன்ட்ல வெறும் 1ஐ 31 இடம் தள்ளினா சைன் பிட்டுக்குள்ள போய் மறுபடி அன்டிஃபைன்ட். எண்டியன்னெஸ் (பைட்டுகள் மெமரியில நிக்கிற வரிசை), ஸ்ட்ரக்சர் பேடிங் (ஸ்ட்ரக்சருக்குள்ள விடுற காலி பைட்) ரெண்டையும் விட்டுடாதே.

மலைக்கோட்டை எழுதியது:

மாலாக்கையும் சேர்த்துக்கோ தம்பி. மாலாக்-காலாக் வித்தியாசம் எல்லாரும் சொல்லிடுவாங்க, காலாக் சைபர் நிரப்பித் தரும். என்னை, வாங்கின இடத்தோட அளவை மாத்துற ரீஅலாக்லதான் பிடிச்சாங்க. பி = ரீஅலாக்(பி, புது அளவு)ன்னு எழுதினா என்ன தப்பு? இடம் கிடைக்கலைன்னா அது நல் பாயின்டர் தரும், பழைய பிளாக் அப்படியே இருக்கும். ஆனா அதோட அட்ரஸை வெச்சிருந்த பி-யை நாமே நல் போட்டு அழிச்சுட்டோம், இனி ஃப்ரீ பண்ண வழியில்லை. வேற ஒரு பாயின்டர்ல வாங்கி, நல் இல்லைன்னு பார்த்துட்டு அப்புறம் பி-ல போடணும்.

பூஜ்ஜியத்திலிருந்து எழுதியது:

அதோடு மாலாக் தருவதை காஸ்ட் (டைப் மாற்றம்) செய்ய வேண்டுமா என்றும் கேட்பார்கள். சி-யில் தேவையில்லை, வாய்டு பாயின்டர் தானாக மாறிக்கொள்ளும். சி++இல்தான் தேவை. பழைய சி-யில் ஹெடரை மறந்துவிட்டால் மாலாக் 'இன்ட்' தருகிறது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அங்கே காஸ்ட் இருந்தால் எச்சரிக்கை மறைந்துபோய், 64 பிட்டில் அட்ரஸ் பாதியாக வெட்டுப்படும்.

மெமரிப் பிழைகளைக் கண்ணால் பார்க்க 'அட்ரஸ் சானிடைசர்' ஆப்ஷனோடு கம்பைல் செய்யுங்கள். ஃப்ரீ செய்த இடத்தைத் தொட்டால் எந்த வரியில் தொட்டீர்கள், எந்த வரியில் ஃப்ரீ செய்தீர்கள் என்று இரண்டையும் காட்டும்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பேடிங்கை இப்பவே போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரக்சர்ல கேரக்டர், இன்ட், கேரக்டர்னு வரிசையா வெச்சா சைஸ்ஆஃப் 12 வருது. முதல் கேரக்டருக்குப் பின்னாடி 3 பைட் காலி விடுறது புரியுது, இன்ட் 4ஆல வகுபடற அட்ரஸ்ல நிக்கணும். ஆனா கடைசி கேரக்டருக்குப் பின்னாடி எதுவுமே இல்லையே, அங்கேயும் ஏன் 3 பைட்? 9 போதுமே?

சர்க்யூட்காரன் எழுதியது:

நல்ல இடத்துல நின்னிருக்கே. இந்த ஸ்ட்ரக்சர்லயே ரெண்டு எலிமென்ட் அரே போட்டு வரைஞ்சு பாரு. சைஸ் 9ஆ இருந்தா ரெண்டாவது எலிமென்ட் 9ல ஆரம்பிக்கும், அதோட இன்ட் 13ல போய் உட்காரும். 13 நாலால வகுபடாது. அரேல எலிமென்ட்டுகளுக்கு நடுவுல இடைவெளி விட சி அனுமதிக்காது, அதனால அந்த இடைவெளியை ஸ்ட்ரக்சருக்குள்ளேயே கடைசியில வெச்சுக்குது. 12ல ஆரம்பிச்சா இன்ட் 16ல சரியா நிக்கும்.

இப்ப ரெண்டு கேரக்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு இன்ட்டைக் கடைசியில போடு. 8 வரும். அந்தக் கட்டத்தையும் வரைஞ்சு, எந்த பைட்டெல்லாம் காலின்னு குறிச்சு இங்கே போடு, பார்க்கிறேன்.